'கெயின்சே' என்றால் மறுபேச்சு

கடலூர்ப் பக்கத்து வீடுகளில் பெரியவர் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால், "அவரு சொன்னா மறுபேச்சு கிடையாது" என்பார்கள். ஆங்கிலத்தில் 'கெயின்சே' என்றொரு வினை உண்டு. பேச்சில் யாரும் சொல்வதில்லை. நம் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தாராளமாக வரும். அதற்கு 'மறு' என்று பொருள் சொன்னால் தவறில்லை. 'மறுபேச்சு பேசு' என்று சொன்னால் உறுப்புக்கு உறுப்பு பொருந்தும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பின்பாதி 'சே', அதாவது சொல்லு. முன்பாதி 'கெயின்'. லாபத்தைக் குறிக்கும் 'கெயின்' வேறு, இது வேறு. லாபக் கெயின் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கெயின்சேயில் இருப்பது ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு, பொருள் 'எதிர்'. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'எதிராக' என்பதற்கு 'கேகன்' என்கிறார்களே, அதன் உறவு. 1300 வாக்கிலேயே கெயின்சே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது.

அதே வேர்தான் 'அகெய்ன்', 'அகெய்ன்ஸ்ட்' என்ற இரண்டு சொற்களிலும் இருக்கிறது. ஒன்றுக்கு மறுபடியும் என்று பொருள், மற்றதற்கு எதிராக என்று பொருள். திரும்ப வருவதும் எதிரே வந்து நிற்பதும் ஒரே வேரில் எப்படி என்று ஆங்கிலம் படிப்பவர்கள் குழம்புவார்கள். தமிழ் தெரிந்தவருக்குக் குழப்பம் வர வேண்டியதில்லை. மறுபடி, மறுநாள், மறுமொழி, மறுப்பு என்று அடுக்கிப் பார்த்தால் போதும். திரும்ப வருவதற்கும் எதிர்த்துச் சொல்வதற்கும் நாமும் 'மறு' என்ற ஒரே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறோம்.

கெயின்சேக்கு ஒருகாலத்தில் உடன்பிறப்புகள் இருந்தன. 'கெயின்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நில். 'கெயின்பை' என்றால் விலை கொடுத்துத் திரும்ப மீட்டுக்கொள். 'கெயின்கமிங்' என்றால் மறுவருகை. எல்லாம் வழக்கொழிந்து போயின. இந்த ஒன்று மட்டும் தனித்துப் பிழைத்திருக்கிறது.

எதனால் பிழைத்தது என்பதற்கு ஒரு வலுவான காரணம் 1611-இல் வந்த ஆங்கில பைபிள். லூக்கா 21:15-இல் எதிராளிகளால் 'கெயின்சே' செய்யவோ எதிர்க்கவோ முடியாத வாக்கு என்று வருகிறது. தமிழ் பைபிளில் அதே இடம் "எதிர்பேசவும் எதிர்நிற்கவும் கூடாத வாக்கையும் ஞானத்தையும்" என்றிருக்கும். எதிர்பேசு என்பது கெயின்சேயின் அச்சு அசல் வார்ப்பு. பக்கத்திலேயே நிற்கும் 'எதிர்நில்', செத்துப்போன கெயின்ஸ்டாண்டின் வார்ப்பு. ஆங்கிலத்தில் தொலைந்த ஜோடி தமிழில் ஒரே வரியில் சேர்ந்து நிற்கிறது!

அதே தமிழ் பைபிளில் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று சொல்வதற்கு 'எதிர்பேசு' வரவில்லை, 'மறுதலி' வருகிறது. "மூன்றுதரம் மறுதலிப்பாய்." ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'டினை'. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கெயின்சேயின் பாதி வேலை முடிந்தது. பேதுரு யாருடைய வாதத்தையும் எதிர்க்கவில்லை; தனக்கிருந்த உறவை இல்லை என்றார். கெயின்சே செய்ய, எதிரே ஒரு கூற்று இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதற்கு, அல்லது எல்லோரும் உண்மை என்று வைத்திருப்பதற்கு, எதிராகச் சொல்வது அது.

இனி, பயன்பாடு. இறந்தகாலம் 'கெயின்செட்' என்றும் ஒலிக்கும், 'கெயின்செய்ட்' என்றும் ஒலிக்கும், இரண்டும் சரி. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே வடிவம், 'சே'யின் இறந்தகாலமான 'செட்' எழுதப்படுவது போலத்தான். தொழிற்பெயர் 'கெயின்சேயிங்', செய்பவர் 'கெயின்சேயர்'.

இந்த வினை தனியாக, உடன்பாட்டு வாக்கியத்தில் வருவது அபூர்வம். 'ஹி கெயின்செட் த சார்ஜ்' என்று யாராவது எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காதுக்கு இடறும். குற்றச்சாட்டை மறுத்தார் என்றால் டினை போதும். கெயின்சே குடியிருப்பது எதிர்மறையின் நிழலில்: 'இட் கேனாட் பி கெயின்செட் தட்…', 'தேர் இஸ் நோ கெயின்சேயிங்…', 'நோ ஒன் கேன் கெயின்சே…'. மூன்றுக்கும் தமிழில் கச்சிதமாக ஒரே வால் இருக்கிறது: 'என்பதை மறுப்பதற்கில்லை'. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'சான் கோந்த்ரெதி' தெரிந்திருக்கும். எதிர்ச்சொல் இன்றி, ஐயமற என்று பொருள். மறுபேச்சில்லாமல் என்பதுதான் அதுவும்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குகிறார்கள். கீழமை நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் போனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. கடலூர்க் கட்சிக்காரருக்கும் அதே நிலைதான், புதுச்சேரிக்காரருக்கும் அதே நிலைதான். தீர்ப்பில் 'இட் கேனாட் பி கெயின்செட் தட் த ப்ளெயின்டிஃப் இஸ் இன் பொசெஷன்' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கெயின்செட்டில் 'செட்' மட்டும் கண்ணில் பட, 'சொத்து வாதியின் சுவாதீனத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது' என்று எழுதிவிட்டால் தீர்ப்பு தலைகீழ். சரியானது: 'சொத்து வாதியின் சுவாதீனத்தில் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.' இன்னொரு தவறும் நடக்கும். கெயினை அகெய்னாக எடுத்துக்கொண்டு 'திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை' என்று எழுதுவது. இது பொருளைக் கவிழ்க்காது, அதனாலேயே கண்ணில் படாமல் தப்பித்துவிடும்.

சோதனை எளிது. கெயின்செட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'டினைடு' போட்டு வாசியுங்கள். அடுத்து எதிர்மறைகளை எண்ணுங்கள். 'கேனாட்' ஒன்று. கெயின்சே தன் வயிற்றிலேயே ஒரு எதிர்மறையை வைத்திருக்கிறது, அது இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பின்னால் வரும் 'தட்' வாக்கியம் அப்படியே உண்மையாக நிற்கும். அந்த வாக்கியத்துக்குள் ஒரு 'நாட்' இருந்தால் மொத்தம் மூன்று. அப்போது மிஞ்சுவது ஒரு எதிர்மறை. 'இட் கேனாட் பி கெயின்செட் தட் த நோட்டீஸ் வாஸ் நாட் சர்வ்டு' என்றால் நோட்டீஸ் சார்வாகவில்லை, அதாவது உரியவரிடம் சேர்க்கப்படவில்லை, என்று அர்த்தம். நீதிபதியே எண்ணிக்கையில் தவறுவதும் உண்டு. அதனால் முன்வரி பின்வரி பார்க்காமல் இந்தச் சொல் வரும் வாக்கியத்தைத் தனியே பிய்த்து மொழிபெயர்க்கக் கூடாது.

நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் 'மறு' மூன்று வேலை பார்க்கிறது. உண்மையை மறுக்கிறோம், கேட்டதைத் தர மறுக்கிறோம், சொன்னதைச் செய்ய மறுக்கிறோம். கெயின்சே முதல் வேலையை மட்டும் செய்யும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதற்கு கெயின்சே போட முடியாது. அங்கே டினை அல்லது 'ரெஃப்யூஸ்'. 'கையெழுத்துப் போட மறுத்தார்' என்பதற்கு ரெஃப்யூஸ் மட்டும்தான்.

மறுப்புக்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் ஏன் என்றால், அதற்குப் பாதி விடை 1066-இல் இருக்கிறது. நார்மன்கள் வந்த பிறகு இங்கிலாந்தின் மேல்தட்டு பிரெஞ்சு பேசியது, கோர்ட்டும் பிரெஞ்சில் நடந்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் பேசலாம் என்று சட்டம் போட்டதே 1362-இல்தான். அதற்குள் பிரெஞ்சு வழியாக 'டினை' வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் மூலம் லத்தீன் 'தெநெகாரே'. சொந்த வீட்டுச் சொல்லான கெயின்சே ஓரத்துக்குப் போனது. பிறகு படித்தவர்கள் லத்தீனிலிருந்து 'கான்ட்ரடிக்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 'கான்ட்ரா' எதிர், 'டிக்ட்' சொல். கெயின்சேயின் கட்டுமானமே தான், மரம் மட்டும் வேறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ரெஃப்யூட்' என்றால் வெறுமனே மறுப்பதில்லை, ஆதாரம் காட்டித் தவறென்று நிறுவுவது. அமைச்சர் குற்றச்சாட்டை ரெஃப்யூட் செய்தார் என்று செய்தியில் வந்தால், பெரும்பாலும் அவர் இல்லை என்று சொன்னார், அவ்வளவுதான். 'மறுத்தார்' என்றே தமிழில் போடலாம், 'பொய்யென்று நிரூபித்தார்' என்று போட்டால் அவருக்கு நாம் இலவசமாக ஜெயித்துக் கொடுத்ததாகிவிடும். 'ரெப்யூடியேட்' லத்தீனில் மனைவியைத் தள்ளிவைக்கும் சொல்லோடு தொடர்புடையது. இன்று ஒப்பந்தத்தையும் இன்சூரன்ஸ் கோரிக்கையையும் கைகழுவப் பயன்படுகிறது. 'ரெனவுன்ஸ்' என்றால் தன்னுடையதைத் தானே துறப்பது. புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு ஒரு சமூகமே இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு ஆணைப்படி, தங்கள் சாதி, மதம் சார்ந்த உரிமையியல் முறையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். துறந்ததும் ஒரு குடும்பப்பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எதையும் மறுக்கவில்லை, விட்டுக்கொடுத்தார்கள். மறுத்தலுக்கும் துறத்தலுக்கும் உள்ள தூரம் அது.

சற்று நின்று பேச வேண்டியது 'டிராவர்ஸ்' பற்றி. குறுக்கே கடப்பது என்பது அதன் பொதுப் பொருள். சட்ட ஆங்கிலத்தில், எதிராளியின் வழக்குரையில் சொல்லப்பட்ட சங்கதியை முறைப்படி மறுப்பது. எதிர்வழக்குரை, அதாவது வழக்குரைக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில், எழுதுகிறவர்களுக்கு அன்றாடச் சோறு போடும் சொல். கடலூர் எல்லையில் முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. அங்கே இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1968-இல்தான். இன்று இரண்டு பக்கமும் ஒரே சட்டம், எதிர்வழக்குரை பற்றிய அதன் கட்டளை 8-உம் ஒன்றே.

அந்தக் கட்டளையின் விதி 3, 4, 5 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். விதி 3: பொத்தாம்பொதுவாக மறுத்தால் போதாது, ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாகத் தொட்டு மறுக்க வேண்டும். விதி 4: மழுப்பி மறுக்கக் கூடாது. விதி 5: குறிப்பாகவோ, வேறு பொருளுக்கு இடமில்லாத குறிப்பாலோ மறுக்காத, 'ஒப்புக்கொள்ளவில்லை' என்றும் சொல்லாத சங்கதி, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மைனர் போன்ற சட்ட இயலாமை உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அப்படி ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டதையும் வேறு வகையில் நிரூபிக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அதை நம்பி எதிர்வழக்குரை எழுதுவது குடை இல்லாமல் ஐப்பசியில் கிளம்புவது மாதிரி.

உதாரணத்துக்கு ஒரு புரோநோட்டு வழக்கு. வழக்குரையின் பத்தி 4 இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'பிரதிவாதி 10.3.2023 அன்று பண்ருட்டியில் வைத்து வாதியிடம் முந்திரி வியாபாரத்துக்காக ரூ.2,00,000 ரொக்கமாகக் கடன் வாங்கினார்.' இதற்கு எழுதப்படும் மோசமான பதில்: 'பிரதிவாதி 10.3.2023 அன்று பண்ருட்டியில் வைத்து ரூ.2,00,000 கடன் வாங்கினார் என்பது தவறு.' பார்க்க முழு மறுப்பு போல இருக்கும். உள்ளே ஓட்டை. தேதி 11 ஆக இருந்தாலும் இந்த வாக்கியம் உண்மை. இடம் கடலூராக இருந்தாலும் உண்மை. தொகை 1,90,000 ஆக இருந்தாலும் உண்மை. ஆங்கிலச் சட்டக்காரர்கள் இதைக் கர்ப்பமாயிருக்கும் மறுப்பு என்பார்கள். வயிற்றுக்குள் ஒப்புதல் இருக்கிறது. விதி 4 தொகையையே உதாரணமாகக் காட்டுகிறது: குறிப்பிட்ட தொகையை வாங்கவில்லை என்றால் போதாது, அதையோ அதில் எந்தப் பகுதியையுமோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல வேண்டும்.

சரியான வடிவம்: 'பத்தி 4-இல் கண்டவை உண்மையல்ல. பிரதிவாதி 10.3.2023 அன்றோ வேறு எந்தத் தேதியிலுமோ, பண்ருட்டியிலோ வேறு எங்குமோ, வாதியிடம் ரூ.2,00,000-ஐயோ அதில் எந்தப் பகுதியையுமோ, ரொக்கமாகவோ வேறு வகையிலோ, முந்திரி வியாபாரத்துக்கோ வேறு எதற்குமோ கடனாக வாங்கவில்லை.' நீளம்தான், படிக்க அலுக்கும்தான். 'ஓ', 'உம்' இரண்டும் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு போகின்றன. தமிழ் இடைச்சொல் ஆங்கிலத்தைவிட இங்கே குறைந்த இடத்தில் அதிக வேலை பார்க்கிறது என்பது என் கட்சி.

'இல்லை'யையும் 'அல்ல'வையும் மாற்றிப் போடுவது இன்னொரு ஆபத்து. 'பணம் வாங்கவில்லை' என்றால் மறுப்பு. 'வாங்கிய பணம் கடன் அல்ல, நிலத்துக்கான முன்பணம்' என்றால் பாதி ஒப்புதல். பணம் கைமாறியதை ஒப்புக்கொண்டு, அதன் விளைவிலிருந்து நழுவுவது. இரண்டும் சட்டப்படி எடுக்கத்தக்க நிலைகள்தான். ஆனால் இரண்டாவதை எடுத்தால் முன்பணம் என்று மெய்ப்பிக்கும் சுமை பிரதிவாதி தோளில் ஏறும். புரோநோட்டில் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் இன்னும் பாரம்: மாற்றுமுறை ஆவணச் சட்டப் பிரிவு 118-இன்படி, கைமாறு, அதாவது பதிலுக்கு ஏதோ மதிப்பு, பெற்றே அந்த நோட்டு எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொண்டுதான் தொடங்கும். எனவே கையெழுத்தை ஒரு வாக்கியத்திலும் பணம் வாங்கியதை வேறொரு வாக்கியத்திலும் வைத்துத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். 'நோட்டும் பணமும் மறுக்கப்படுகிறது' என்று ஒரே மூச்சில் முடித்தால் எது மறுக்கப்பட்டது என்பதே வழக்காகிவிடும்.

இந்த இடத்தில் நன்னூலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பவணந்தியார் விடைகளை எட்டாகப் பிரிக்கிறார். சுட்டு, மறை (மறுத்துச் சொல்வது), நேர் (உடன்பட்டுச் சொல்வது) மூன்றும் நேரடி விடை. ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் சுற்றி வந்து அதே பொருளைத் தருபவை. 'ஆடுவாயா?' என்று கேட்டால் 'பாடுவேன்' என்பது இனமொழி விடை. ஆட மாட்டேன் என்று நாமே புரிந்துகொள்கிறோம். இலக்கணத்துக்கு இது விடைதான். 'கடன் வாங்கினாயா?' என்பதற்கு 'எனக்கு வங்கியில் பணம் இருந்தது' என்று எதிர்வழக்குரையில் எழுதினால் விதி 4-க்கு இது மழுப்பல். குறிப்பால் மறுப்பதை விதி 5 ஏற்கிறதே என்றால், அந்தக் குறிப்பு வேறு எந்தப் பக்கமும் திரும்ப முடியாததாக இருக்க வேண்டும். வங்கியில் பணம் இருந்தவரும் கடன் வாங்குவார். ஆகவே எட்டில் 'மறை' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

'ஒப்புக்கொள்ளவில்லை', 'மறுக்கிறேன்', 'தெரியாது' மூன்றும் ஒன்றல்ல. தன் நேரடி அறிவில் உள்ளதை, உதாரணமாகத் தன் கையெழுத்தை, 'தெரியாது' என்று எழுதினால் நீதிமன்றம் அதை மழுப்பலாகப் பார்க்கும். வாதியின் குடும்ப விவரம், அவர் பணம் எங்கிருந்து திரட்டினார் என்பது போன்றவற்றுக்கு 'பிரதிவாதிக்குத் தெரியாது, வாதியே நிரூபிக்க வேண்டும்' என்பது பொருந்தும். வணிக வழக்குகளில் 2015-க்குப் பிறகு விதி 3அ இதையே கட்டாயமாக்கிவிட்டது: எதை மறுக்கிறார், எதை ஏற்கவோ மறுக்கவோ இயலாமல் நிரூபிக்கச் சொல்கிறார், எதை ஒப்புக்கொள்கிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும், மறுப்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும், தன் தரப்பில் நடந்தது வேறென்றால் அதையும் எழுத வேண்டும்.

'இதில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன' என்ற வரி எல்லா எதிர்வழக்குரையிலும் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அதுவே விதி 3 சொல்லும் குறிப்பான மறுப்பு ஆகாது. டைப் அடிப்பதற்கு முன், வழக்குரையின் பத்தி எண்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பதில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எதிரே ஒன்றும் எழுதப்படாத எண் இருந்தால் அந்தப் பத்தி எதிராளிக்குத் தானம். சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாள், காரணம் பதிவு செய்து நீட்டித்தால் 90 நாள் வரை நேரம் இருக்கிறது. வணிக வழக்கில் 120 நாளுக்கு மேல் கதவு சாத்தப்படும். பத்தி எண் சரிபார்க்க அரை மணி நேரம் போதும்.

இதில் கெயின்சே எங்கே வரும் என்றால், எதிர்வழக்குரையில் வராது. வரவும் கூடாது, கட்சிக்காரருக்கு டினை போதும். அது எதிர்ப்பட்டதையெல்லாம் எடைபோட்டு முடித்தவர் வாயில் வரும் சொல். பத்தி 6-க்குப் பதில் எழுத விட்டுப்போயிருந்தால், தீர்ப்பில் அந்தப் பத்தி பற்றிய வரி அநேகமாக 'இட் கேனாட் பி கெயின்செட்' என்று தொடங்கும். தமிழில் எழுதும் நீதிபதி என்றால் வரியின் கடைசியில் வரும், 'மறுப்பதற்கில்லை' என்று.